கதண்டுக் கூட்டுக்குக் கீழே

நவம்பர் 21

மேலச்சடையனூர்க் கோயிலின் முன்மண்டபக் கூரை நேற்றைய மழையில் விழுந்துவிட்டது. காலை ஏழு மணிக்கு இயக்குநர் ரத்னசபாபதி சார் போன் செய்து சொன்னார். ஆளுக்குச் சேதமில்லை. ஆனால் கூரையில் இருந்த ஓவியம் முழுக்கப் போயிற்று. சுவாமி சப்பரத்தில் வீதி வருகிற ஊர்வலக் காட்சி, முந்நூறு வருஷத்துக்கு முந்தையது. இப்போது தரையில் சுண்ணாம்புக் கட்டியாகக் கிடக்கிறதாம்.

எனக்கு அழுகை வந்தது. சார் அழவிடவில்லை. "செல்வகோமதி, நீங்க ஆகஸ்ட்ல எடுத்தது பத்திரமா இருக்குல்லா? இனிமே அந்த ஓவியம்னா நம்ம படம்தாம்மா" என்றார். குரலில் பாதி துக்கம், பாதி பெருமை.

சார் சொல்வதும் உண்மைதான். எங்கள் அறக்கட்டளை ஆறு வருஷமாகச் செய்கிற வேலையே இது. ஒரு கோயிலை ஆயிரக்கணக்கில் படமெடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்றோடொன்று கோத்து, முப்பரிமாண மாதிரியாக்கி இணையத்தில் போடுகிறோம். கனடாவில் இருப்பவர்கூடக் கைப்பேசியைத் திருப்பித் திருப்பி மேலச்சடையனூர்க் கூரையை அண்ணாந்து பார்க்கலாம். இதுவரை முப்பத்தோரு கோயில். எடுத்ததும் நான், கோத்ததும் நான். சார் மேடையில் பேசுவார்.

கேஸ் சிலிண்டருக்குச் சொல்ல வேண்டும். மறந்துவிட்டேன்.

நவம்பர் 24

பேப்பரில் என் படம் வந்திருக்கிறது. காமிராவைக் கையில் வைத்துக்கொண்டு பல்லைக் காட்டியபடி நிற்கிறேன். என் வீட்டுக்காரர் அதைக் கத்தரித்து ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டார். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி அல்லவா, எதையும் கண்ணில் படும்படி வைத்தால்தான் அவருக்குத் திருப்தி. தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் என்னையே நான் பார்க்க வேண்டியிருக்கிறது. மாலையில் அதன்மேல் பால்காரர் கணக்குத் தாளைச் செருகி வைத்தேன்.

டிசம்பர் 4

புதிதாகக் கான்கிரீட் கூரை போட்டு, நம் படத்தை அதே அளவில் அச்சிட்டு மேலே பதிக்கப் போகிறார்களாம். பங்குனித் திருவிழாவுக்குள் ஆக வேண்டுமாம். அச்சுக்குக் கொடுக்க இன்று கோப்பைத் திறந்தேன். ஆகஸ்டுக்குப் பிறகு இப்போதுதான் திறக்கிறேன்.

எல்லாம் சரியாகவே இருக்கிறது. வடக்கு மூலையைப் பற்றி மட்டும் எழுதி வைக்கிறேன். அன்று அங்கே கதண்டு, கொட்டினால் ஆளையே சாய்த்துவிடும் பெரிய குளவி, கூடு கட்டியிருந்தது. தீயணைப்பு நிலையத்தில் கேட்டால் மூன்று நாளில் வருகிறோம் என்றார்கள். எங்களுக்கு வண்டி அன்று மாலை வரைக்கும்தான். கூடு மறைத்த இடம் ஒரு சாண் இருக்கும். ஓரத்தில் ஓடிய பூங்கொடியை எடுத்து அங்கே ஒட்டிவிட்டேன். படம் கிடைக்காத இடத்தைக் கம்ப்யூட்டரே அடைக்கத்தான் செய்கிறது. அது சாம்பல் நிறத்தில் அப்பிவைக்கும், நான் பார்க்கும்படி அடைத்தேன், அவ்வளவுதான். இந்த ஒரே இடம்தான். வேறு எங்கும் இப்படிச் செய்ததில்லை.

செய்ததை அலுவலகக் குறிப்பேட்டில் பதிந்திருக்க வேண்டும். அன்றைக்குத் தலைவலி.

டிசம்பர் 5

மாவு அரைத்தேன். கிரைண்டர் கல் கத்துகிறது.

ஜனவரி 19

கூரை வேலையை அளக்க மேலச்சடையனூர் போனோம். சார் எஞ்சினியரோடு பேசிக்கொண்டிருந்தார். எதிர்த்த தையல்கடையிலிருந்து ஒருவர் கழுத்தில் இஞ்சு டேப்போடு இறங்கி வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். பேர் பேச்சிமுத்து.

"யம்மா, நீங்கதான படம் எடுத்தவுக? கொஞ்சம் காட்டுங்களேன்."

டேப்லெட்டைக் கொடுத்தேன். சப்பரத்தைப் பார்க்கவில்லை, குதிரைகளைப் பார்க்கவில்லை, நேராக வடக்கு மூலைக்குப் போனார். விரலால் பெரிதாக்கினார். அங்கே பூங்கொடி.

"இங்கன ஒருத்தர் உண்டும்மா. தீவட்டி பிடிச்சிக்கிட்டு. சின்னதுல எங்க அப்பா என்னைத் தூக்கிக் காட்டியிருக்காரு, நம்ம பாட்டன்டா இதுன்னு. ஆளையே காணோமே?"

அப்புறம் விஷயத்தைச் சொன்னார். பங்குனி ஊர்வலத்தில் தீவட்டி பிடிப்பது அவர்கள் குடும்பத்து உரிமை. இந்த வருஷம் விழாக்குழுச் செயலாளர் சங்கரகுமார், தீவட்டி வேண்டாம், ஜெனரேட்டர் வைத்து விளக்குப் போட்டுக்கொள்ளலாம் என்கிறார். பரம்பரை உரிமை என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டிருக்கிறார். பேச்சிமுத்து கூரை ஓவியத்தைச் சொல்ல, சங்கரகுமார் பத்துப் பேர் முன்னிலையில் எங்கள் இணையதளத்தைத் திறந்து, "எங்கவே இருக்காரு உம்ம பாட்டன்? கொடிக்குள்ள ஒளிஞ்சிருக்காரா?" என்று கேட்டாராம். எல்லோரும் சிரித்தார்களாம். பேச்சிமுத்து அறநிலையத்துறை அதிகாரியிடம் மனுக் கொடுத்திருக்கிறார். மார்ச்சில் விசாரணை.

பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜனவரி 20

கூடு இரண்டு சாண் இருந்திருக்கலாம். கதண்டுகள் சுற்றிக்கொண்டிருந்தபோது யார் போய் அளந்தார்கள்?

வீட்டுக்காரருக்கு வாங்கி வந்த முறுக்கை நானே தின்றுவிட்டேன்.

பிப்ரவரி 6

காமிராவிலிருந்து இறக்கிய மூலப் படங்களைத் தேடினேன். வடக்கு மூலையின் பதினோரு படங்கள் இல்லை. டிஸ்கில் இடம் போதாமல் அழித்திருக்கிறேன்.

சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். "போன வாரந்தான டிஸ்க்ல பாதி சும்மா கிடக்கு, கல்யாண வீடியோவை ஏத்திக்கிடுவோம்னு சொன்ன?" என்றார். மனுஷனுக்கு இந்த மாதிரி விஷயம் மட்டும் ஞாபகம் இருக்கும். ரசம் போதுமா என்று கேட்டேன்.

பிப்ரவரி 11

அச்சுச் சட்டத்தின் அளவு சரிபார்க்கத் தனியாக மேலச்சடையனூர் போனேன். வடக்குத் தெருவில் பேச்சிமுத்து நடந்து பழகிக்கொண்டிருந்தார். கையில் தீ இல்லாத வெறும் தீவட்டி. பின்னோக்கி நடந்தார். மனைவி அவருக்குப் பின்னால் நின்று, வேட்டி முந்தியைப் பிடித்துக்கொண்டு, "பள்ளம்", "கல்லு", "இடது வாங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

என்ன இது என்று கேட்டேன்.

"சாமிக்கு முதுகு காட்டப்படாதுல்லாம்மா. குடை பிடிக்கவன், கொம்பு ஊதுதவன் எல்லாரும் முன்னால பாத்துப் போவாக. தீவட்டிக்காரன் மட்டும் சாமி முகத்தப் பாத்துக்கிட்டே பின்னால நடக்கணும். நாலு தெருவும் இப்படித்தான்."

அவர் கால்களைப் பார்த்தேன். தெரு ஒரு பக்கம் போகிறது, பாதங்கள் மறு பக்கம் பார்க்கின்றன.

அளவெடுக்காமலே திரும்பிவிட்டேன். பஸ்ஸில் வாந்தி வரும்போல இருந்தது. வெயில்.

பிப்ரவரி 12

வெயில் இல்லை.

நான் எனக்காக எழுதுகிற நோட்டு இது. இதிலேயே பொய் எழுதினால் எங்கேதான் உண்மையை எழுதுவது? ஆகையால் எழுதுகிறேன்.

கூடு மறைத்த இடம் ஒரு முழத்துக்கு மேல். ஒரு ஆளை மறைக்கும் அளவு. ஓவியத்தில் ஆட்கள் எல்லாம் ஒரு முழ உயரம்தான். கூட்டுக்குக் கீழே இரண்டு பாதங்கள் தெரிந்தன. கணுக்காலுக்குக் கீழே மட்டும். கருஞ்சிவப்பு நிறம், விரல்கள் தனித்தனியாக, நன்றாகத் தெரிந்தன. ஆளில்லாமல் பாதம் மட்டும் நின்றால் பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று அழித்தேன். கூட்டின்மேல் கொடியை ஒட்டினேன், பாதத்தின்மேலும் ஒட்டினேன். பதினோரு படங்களையும் அழித்தது இடம் போதாமல் இல்லை. அலுவலகத்தில் மாதிரியைச் சரிபார்க்கிறவர் ஒப்பிட்டுப் பார்த்துவிடுவாரோ என்று அழித்தேன்.

ஜனவரி 19இல் எழுதியதும் சரியில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்று பேச்சிமுத்துவிடம் நான் சொல்லவில்லை. "படத்துல என்ன இருக்கோ அதுதாங்க அங்க இருந்தது" என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு டேப்லெட்டை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். தன் ஞாபகந்தான் தப்பு என்று நினைத்திருப்பார். அதை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

பிப்ரவரி 15

பாதங்கள் எந்தப் பக்கம் பார்த்திருந்தன?

சப்பரத்தைப் பார்த்திருந்தால் அது தீவட்டிக்காரர், சந்தேகமே இல்லை. மற்றவர்களைப்போல முன்னால் பார்த்திருந்தால் யாராகவும் இருக்கலாம். நாலு நாளாக இது ஒன்றைத்தான் யோசிக்கிறேன். கண்ணை மூடினால் பாதங்கள் சப்பரத்தைப் பார்த்து நிற்கின்றன, தெளிவாக. ஆனால் அவை ஆகஸ்டில் நான் பார்த்த பாதங்களா, போன ஞாயிற்றுக்கிழமை வடக்குத் தெருவில் பார்த்த பாதங்களா என்று தெரியவில்லை. பேப்பரில் ஏழு தடவை வரைந்தேன். ஏழிலும் பேச்சிமுத்துவின் கட்டைவிரல் வந்து நிற்கிறது.

மறுபடியும் ஓட்டையை அடைக்கிறேனோ என்று பயமாக இருக்கிறது. இந்தத் தடவை என் மண்டைக்குள்ளேயே.

பிப்ரவரி 20

சாரிடம் சொல்லிவிட்டேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்தும் மாட்டிக்கொள்ளவில்லை.

"கூடுன்னா கூடுன்னே விட்டிருக்கலாமேம்மா. கூடு இருந்துச்சுங்கறதும் ஆவணம்தானே."

"தெரியும் சார்."

"இப்ப போய்ச் சொன்னீங்கன்னா என்ன ஆகும் தெரியுமா? இந்த ஒரு கோயிலோட நிக்காது. முப்பத்தோரு கோயிலையும் எவனும் நம்பமாட்டான். அதுல நாலு கோயில் இடிச்சாச்சு, நம்ம படம் மட்டுந்தான் மிச்சம். ஒரு ஆளு தீவட்டி பிடிக்கறதுக்காக அத்தனையையும் பொய்யாக்கணுமா?"

அவர் சொன்னதில் தப்பும் இல்லை. ஆறு வருஷமாக முதுகு ஒடிய நான் செய்த வேலை அது.

வெளியே வரும்போது கேட்டார். "இது ஒண்ணுதானம்மா?"

"ஒண்ணுதான் சார்."

பிப்ரவரி 22

வீட்டுக்காரரிடமும் சொன்னேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "ரெண்டு காலுக்காகவா வேலையை விடப்போற?" என்றார். சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். பிறகு தானே ஃபிரிட்ஜ் பக்கம் போய்ப் பேப்பர் துண்டை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "சொல்றதுன்னா சொல்லிரு கோமு. ராத்திரி பூரா பல்லைக் கடிக்கிற, எனக்கும் தூக்கம் இல்ல" என்றார்.

பிப்ரவரி 28

தண்ணீர் வரவில்லை. துணி ஊறிக்கிடக்கிறது.

மார்ச் 5

விசாரணை. பத்தரைக்கு என்று சொல்லிப் பன்னிரண்டுக்குத்தான் கூப்பிட்டார்கள். அதிகாரி என்னைவிடச் சின்னவர், அடிக்கடி கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் பேச்சிமுத்துவும் மனைவியும். மறு பக்கம் சங்கரகுமாரும் விழாக்குழு ஆட்கள் நாலு பேரும். மேசைமேல் எங்கள் படத்தின் பெரிய பிரிண்ட். சங்கரகுமார் கொண்டுவந்தது. அந்த மூலையைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருந்தார்.

என்னைப் படத்தை உறுதிப்படுத்தத்தான் கூப்பிட்டிருந்தார்கள். "இது நீங்க எடுத்ததா?" என்று அதிகாரி கேட்டார். எடுத்தது நான்தான், ஆனால் வட்டம் போட்ட இடம் எடுத்ததில்லை, செய்தது என்றேன். கூடு, கொடி, பாதங்கள், அழித்த படங்கள், எல்லாவற்றையும் சொன்னேன்.

பேச்சிமுத்துவின் மனைவி சத்தமாக, "நான் சொன்னேம்லா!" என்றார். அதிகாரி கையமர்த்தினார்.

"பாதம் எந்தப் பக்கம் பாத்து இருந்துச்சு? சாமி பக்கமா, எதிர்ப்பக்கமா?"

அந்தக் கேள்வியின் அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். சங்கரகுமார்கூடப் பேனாவை மூடி வைத்துவிட்டார். பேச்சிமுத்து என்னைப் பார்த்தார். கெஞ்சவில்லை. காஜா போட ஊசியில் நூல் கோக்கிறவர் பார்ப்பதுபோல, கண்ணைச் சுருக்கி, மூச்சு விடாமல் பார்த்தார். சாமி பக்கம் என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். அவர் காலத்துக்கும் பிள்ளைகள் காலத்துக்கும் வழக்கு தீர்ந்துவிடும். நான் செய்ததற்குப் பரிகாரமும் ஆகிவிடும். வாய்வரை வந்துவிட்டது.

"சாமி பக்கம்னுதான் தோணுது சார். ஆனா இவர் தெருவுல நடந்ததைப் பாத்ததுக்கு அப்புறம்தான் அப்படித் தோணுது. முன்னாடி பாத்தது என்னன்னு சத்தியமாச் சொல்ல முடியல."

பேச்சிமுத்து கண்ணை எடுத்துத் தரையில் வைத்துக்கொண்டார். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது.

சங்கரகுமார் எழுந்தார். "அப்படின்னா இந்தப் படம் மொத்தமுமே பொய்யா மேடம்?"

"அந்த ஒரு மூலைதாங்க."

"மத்ததெல்லாம்?"

"மத்ததெல்லாம் சரிதான்."

அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார். வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினார்கள். கையெழுத்துப் போட்டேன். படத்தை இரு தரப்பும் ஆதாரமாகக் காட்டக்கூடாது, இந்த வருஷம் போன வருஷத்து வழக்கப்படியே தீவட்டி போகட்டும், உரிமை யாருக்கு என்பதைப் பிறகு கோர்ட்டில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அதிகாரி எழுந்துவிட்டார்.

வாசலில் பேச்சிமுத்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன்.

"இந்த வருஷம் தப்பிச்சுது, அதுக்கு உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும். நீங்க பொய் சொல்லல, சரிதான். உங்க மேல கோவப்படக்கூடாதுன்னு நெனைக்கேன். ஆனா கோவம் வருதும்மா." செருப்பின் வாரை இழுத்துவிட்டார். "அங்கன ஒரு ஆளு நின்னாரு. முந்நூறு வருஷம் நின்னாரு. நீங்க அசிங்கமா இருக்குன்னு அழிச்சிட்டீக."

மனைவி அவர் முழங்கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார். பஸ் வரும்வரை மூன்று பேரும் ஒரே நிறுத்தத்தில் நின்றோம்.

மார்ச் 6

லீவு போட்டேன். ஊறிய துணியைத் துவைத்தேன். போன் வந்துகொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

மார்ச் 9

இணையதளத்தில் வடக்கு மூலையை எடுத்துவிட்டேன். இப்போது அங்கே சாம்பல் நிறத்தில் ஒரு ஓட்டை. கீழே இப்படி எழுதினேன்: 'இங்கே கதண்டுக் கூடு இருந்தது. அதன் கீழே இரண்டு பாதங்கள் இருந்தன. படமெடுத்தவர் அவற்றை அழித்துவிட்டார்.' என் பெயரையும் போட்டேன். சார் அதைப் படித்துவிட்டு எதுவும் திருத்தவில்லை.

அச்சு வேலை நின்றுவிட்டது. புதுக் கூரைக்கு வெள்ளை அடிக்கப் போகிறார்களாம்.

மார்ச் 11

மேலச்சடையனூரிலிருந்து ஒரு போன். கோயில் வாசலில் பூக்கட்டுகிற அம்மா, பேர் ஆவுடையம்மாள். நம்பர் எப்படிக் கிடைத்ததோ தெரியவில்லை. சண்டை போடவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"கூரையில தெக்கு ஓரமா குதிரை ஏழுதாம்மா உண்டு. முப்பது வருசமா அதுக்கு நேர் கீழதான் உக்காந்து பூக் கட்டுதேன், மழைக்கும் வெயிலுக்கும் எண்ணிக்கிட்டே இருப்பேன். உங்க படத்துல எட்டுல்லா நிக்குது? எனக்கு எண்ணத் தெரியாமப் போச்சோ?"

அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை.

மார்ச் 12

காலையில் ஆவுடையம்மாளைக் கூப்பிட்டேன். "உங்க கணக்குதாம்மா சரி. ஏழுதான். எட்டாவது நான் செய்தது" என்றேன். மின்விளக்கும் அதன் கம்பிக் கட்டும் மறைத்த இடம் அது. பக்கத்துக் குதிரையை எடுத்து வைத்து, சேணத்தின் நிறத்தை மட்டும் மாற்றினேன். நன்றாகத்தான் வந்தது. அன்று எனக்கு அதில் பெருமைகூட.

"அப்படியா" என்றார். அப்புறம், "சரி, நான் எண்ணினது தப்பில்லல்லா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பிறகு சாருக்குப் போன் செய்தேன். பிப்ரவரியில் கேட்டீர்களே, அதற்கு ஒன்றுதான் என்று சொன்னது பொய் என்றேன். விசாரணையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததும் பொய். அந்தப் பக்கம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "எழுதிக் கொடுங்கம்மா. எந்தக் கோயில், எந்த இடம், எவ்வளவு அகலம், மூலப் படம் இருக்கா இல்லையா. ஒண்ணு விடாம" என்றார்.

முப்பத்தோரு கோயிலையும் முதலிலிருந்து திறந்து பார்க்கிறேன். எது செங்கல், எது நான் என்று சில இடங்களில் எனக்கே அடையாளம் தெரியவில்லை. அப்படிப்பட்ட இடங்களுக்குப் பக்கத்தில் 'தெரியவில்லை' என்று எழுதுகிறேன். வீட்டுக்காரர் சமைக்கிறார், கடுகு கருகிய வாசம் வருகிறது. மாலை ஆறு மணிக்குப் பட்டியலில் நாற்பத்து மூன்று இடங்கள் இருந்தன. அப்போது ஒன்பதாவது கோயிலில்தான் இருந்தேன்.